பரீட்சை அம்மாவின் காலி வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே, தகுதிக் குழுவின் உறுப்பினர்களே, தாயை இழந்து முன்வரிசையில் இருக்கும் மகளே, ஒரு காலத்தில் பரீட்சை அம்மா முன் தேர்வுக்கு நின்று இன்று கண் கலங்க வந்திருக்கும் மறைக்கல்வி ஆசிரியப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் என் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை அம்மாவை ஐந்து நிமிடத்தில் முடிக்க யாரால் முடியும்?

நம் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மறைக்கல்வி கற்பிக்க யாருக்குத் தகுதி உண்டு என்று முடிவு செய்யும் குழுவின் தலைவராக இருந்தவர் அவர். பரீட்சை அம்மா என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நாம் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பெருந்தன்மை அவருடையது!

இறையியல் பட்டம் வேண்டும். கல்வியியல் பட்டம் வேண்டும். பங்குத்தந்தையின் நற்சான்று வேண்டும். இவை எல்லாக் குழுக்களும் கேட்பவை. பரீட்சை அம்மா மட்டும் இன்னொன்று கேட்டார். பள்ளியின் மேல்மாடிக் கோடியில் ஓர் அறை. அதில் வெறும் பெஞ்சுகள். மரித்தோரின் உயிர்ப்பு, அதாவது இறந்தவர்கள் கடைசி நாளில் எழுப்பப்படுவார்கள் என்ற பாடத்தை அந்தக் காலி பெஞ்சுகளுக்கு ஒரு பாடவேளை முழுக்க நடத்த வேண்டும். அவரும் குழுவின் செயலாளரான நானும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். மணி அடித்து ஆசிரியர் வெளியே வந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “உள்ள யாரு இருந்தாங்க?”

எத்தனை பேர் இந்தக் கேள்வியில் விழுந்தார்கள்! ஆண்டவரே வந்து அமர்ந்திருந்தார் என்றார் ஒருவர். வானதூதரின் சிறகடிப்பைக் கேட்டேன் என்றார் இன்னொருவர். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார். பார்க்காததைப் பார்த்தேன் என்பவர் பிள்ளைகள் பக்கமே போகக் கூடாது என்பது அவர் கட்சி. பெற்ற மகளையே விட்டாரா? இதோ, முன்வரிசையில் இருக்கிறாரே, அவரும் ஆண்டவரின் நிழல் தெரிந்தது என்று சொல்லித் தோற்றவர்தான். அந்த வாரம் முழுக்க வீட்டில் மகள் சமைத்த எதிலும் உப்பில்லை என்று பரீட்சை அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விஷயம் வெளியே கசியாமல் இருக்குமா? “யாருமில்லை” என்று சொன்னால் வேலை நிச்சயம் என்பது இன்று எல்லா விண்ணப்பதாரருக்கும் தெரியும்.

நண்பர்களே, அவரை அடக்கம் செய்த மறுநாள் ஒரு தேர்வு இருந்தது. தள்ளிவைக்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது என்று நான்தான் நடத்தினேன். வந்தவர் ஓர் இளம்பெண். அப்பா படுத்த படுக்கை. குடும்பம் மொத்தமும் அந்த வேலையை நம்பி இருக்கிறது. தோற்றால் மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. நான் வழக்கம்போல் வெளியே உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். பாதிப் பாடத்தில் அந்தப் பெண் சாக்பீஸைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து மெல்லப் பதில் சொன்னார். மணி அடித்தும் வெளியே வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

“பரீட்சை அம்மா இருந்தாங்க சார். எப்ப எழுப்புவாங்க, ரொம்ப நேரமா காத்திருக்கேன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலம்மா, நீங்க காத்திருக்கிற வரைக்கும் நானும் கூட நிக்கிறேன்னு சொன்னேன்.”

யாருமில்லை என்று சொல்லிவிடு, நான் அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். சரியான பதில் எது என்று தனக்கும் தெரியும் என்றார். பிறகு சொன்னார்: “பார்த்தவங்களை இல்லைன்னு சொல்லிட்டு, நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி எந்த முகத்தோட சார் நிக்கிறது?”

குழுவினரே, இந்தக் கூட்டம் முடிந்ததும் என் அறிக்கையைக் கேட்கப் போகிறீர்கள். அந்தப் பெண் பொய் சொல்கிறார், அல்லது மனம் பேதலித்திருக்கிறார் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. அறிக்கையை இங்கேயே, ஆயர் முன்னிலையில் தருகிறேன். அந்தக் கண்ணாடி வழியே நானும் பார்த்தேன். கடைசி பெஞ்சில் பரீட்சை அம்மா இருந்தார். சந்தேகம் கேட்கும் மாணவியைப்போலக் கையை உயர்த்தியிருந்தார். மணி அடித்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

இத்தனை நாள் இதை மூடி வைத்துக்கொண்டு தூங்க முடியாமல் தவித்தேன். அந்தப் பெண்ணுக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்திடுகிறேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று என்னைப் பதவியிலிருந்து நீக்குவதானால் நீக்குங்கள். கையெழுத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

அம்மா, நீங்கள் விட்டுச் சென்ற வேலையை நான் தொடர்வேன். திங்கட்கிழமை அடுத்த விண்ணப்பதாரர் வருகிறார். அந்த அறையை நான்தான் திறக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திறப்பேன். உங்களுக்குப் பதில் கிடைக்கும்வரை திறந்துகொண்டே இருப்பேன்.