ஊதாத விசில்

ட்ரவுட் மீனுக்குச் சூடு ஆகாது, ஐயா. கோடையில் ஆழத்துக்குப் போய்விடும். இலையுதிர் காலத்தில் முட்டையிடும், அப்போது நாங்கள் தொந்தரவு செய்வதில்லை. நல்ல பருவம் என்றால் பனி உருகும் மாதங்கள்தான். மதியத்தில் தண்ணீரிலிருந்து பூச்சிகள் கிளம்பும், மீன் மேலே வரும். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை அதன் மூக்குக்கு முன்னால் மெல்லப் போட்டால் போதும்.

ஆனால் ஆறு ஏறுவதும் அதே மதியத்தில்தான். காலை வெயிலில் மலை உச்சியில் உருகிய பனி எங்கள் ஆற்று வளைவுக்கு வந்து சேரும் நேரம் அது. முதலில் நிறம் மாறும். தெளிந்த தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். அதற்குப் பிறகு கரையேற அதிக அவகாசம் கிடைக்காது. அதனால் ஆற்றில் இறங்குகிறவர்களுக்காக ஒருவன் விசிலோடு கரையில் நிற்பான். அந்த வேலை என்னுடையது.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். என் தங்கையின் கணவர், பல் செட் செய்கிறவர். நுணுக்கமான விரல்கள். பூச்சி கட்டக் கற்றுக்கொடுத்தது நான். ஒரே பருவத்தில் என்னைவிட நன்றாகக் கட்டினார். இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். தலை பின்னிவிட்டதுகூட நான்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது, நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாக அவர் சொன்னார். தங்கை தட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நல்ல விஷயம் என்றேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை மீன் சமைக்க ஆசைப்பட்டுத் தங்கை அவரை ஆற்றுக்கு அனுப்பினாள். நானும் கூடப் போனேன். நடு ஆற்றுப் பாறைக்கு நடந்துபோகும் முன் அவர் என் தோளைத் தட்டினார்.

"நீங்க கரையில நிக்கிறீங்க, எனக்கென்ன கவலை மச்சான்."

பூச்சிகள் கிளம்பின. ஒரு மீன் மாட்டியது. அப்போது தண்ணீர் வெளுக்கத் தொடங்கியிருந்தது. விசில் என் உதட்டில்தான் இருந்தது. அவர் மீனைத் தூக்கிக் காட்டிவிட்டு, இன்னும் ஒன்று பிடிக்கவா என்பதுபோல் ஒரு விரலைக் காட்டினார்.

சரி என்று தலையாட்டினேன்.

தண்ணீர் இடுப்புக்கு ஏறிய பிறகும் அவர் முகத்தில் பயம் இல்லை. ஆற்றைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஊதவில்லையே, நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

ஊதினேன், அவருக்குக் கேட்கவில்லை என்று அன்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் விபத்து என்று கேஸை முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை.

வீட்டில் தங்கை சுவரோரம் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணா போகச் சொன்னேன். நான் கேக்காம இருந்திருக்கலாம்."

நான் மறுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் அதையே சொல்கிறாள். நகரத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. சமைத்துவைத்தால் சாப்பிடுகிறாள். சில நாள் தலை பின்னிவிடுகிறேன்.

இப்போது மறுபடி பனி உருகுகிறது. தண்ணீர் வெளுக்கும் நேரத்தில் எனக்கு விசில் சத்தம் கேட்கிறது. கரையிலிருந்து இல்லை, நடு ஆற்றிலிருந்து. அவசரமே இல்லாமல், நீளமாக. விசிலை ஆற்றில் எறிந்து பார்த்தேன். கதவு ஜன்னலெல்லாம் சாத்திப் பார்த்தேன். தங்கைக்கு ஒன்றும் கேட்பதில்லை. என்னண்ணா பாக்குற என்கிறாள். அது நின்றால் போதும் என்றுதான் வந்தேன்.

ஊதியிருந்தால் பிழைத்திருப்பார். அவரைக் கொன்றது நான்தான், ஐயா. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். தங்கையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?