பிரேக்குக்கு ஒரு விதிவிலக்கு

காலையிலிருந்து நம் கூச்சலைக் கேட்டும் முகம் கோணாத தலைவர் அவர்களே! கழகத்தைக் கட்டிக்காத்த பெரியோர்களே! கணவரையும் காரையும் பந்தயத்துக்கு அனுப்பிவிட்டுக் கதி கலங்கிக் காத்திருக்கும் தாய்மார்களே! தாங்களே ஓட்ட வரும் தாய்மார்களே! உங்கள் கார்களுக்கு அடியில் படுத்துப் படுத்தே முதுகு தேய்ந்த வாகனப் பரிசோதகனின் வணக்கம்.

களைத்துப் போயிருக்கிறேன், ஐயா. ஸ்டாக் பிரிவில், காரைச் செய்த கம்பெனி தராத வெளிப் பாகங்களை மாட்டலாமா, கூடாதா? போன வருடமும் இதே கேள்வி, இதே கூச்சல். ஸ்டாக் பிரிவு என்றால் என்ன? கம்பெனியிலிருந்து வந்த கார், வந்தபடியே ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை வேலை, அதே கார். அதில் நீங்கள் செய்யாத தில்லுமுல்லா? சொல்லாத சாக்கா? புகைக்குழாயை மாற்றியவர், 'பழச எலி கடிச்சிருச்சு சார்' என்றாரே! இரும்பைக் கடிக்கிற எலி! சிரியுங்கள், சிரியுங்கள். அவரும் இங்கேதான் உட்கார்ந்து சிரிக்கிறார்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த கார் மீது சந்தேகப்படுபவர் சாவியைக் கேட்டு வாங்கி, தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். சென்ற ஞாயிறு பேக்கரி நடத்தும் அம்மா முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவர் அவருடைய தங்கை கணவர், நாம் 'புயல்' என்று கூப்பிடுகிறவர்.

'அக்கா, உங்க வண்டியில ஏதோ இருக்கு. சாவியக் குடுங்க.'

'தாராளமா ஓட்டிப் பாருங்க மாப்ளே.'

புறப்பட்டது புயல். முதல் வளைவிலேயே பாதையை விட்டு இறங்கி, மணல் மேட்டில் முட்டி நின்றது. வெளுத்த முகத்தோடு நடந்து வந்தார்.

'அக்கா, இதுல பிரேக்கே பிடிக்கலியே!'

'தெரியும். அதான் நான் மிதிக்கிறதே இல்ல.'

எல்லோரும் சிரித்தார்கள். நான் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக் பேடு இரும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. கம்பெனி அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. வெளிப் பேடு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

'மாத்த வேண்டியதுதானேம்மா?'

'மாத்தினா நீங்கதான சார் வெளிய அனுப்புவீங்க?'

ஒரிஜினலா என்று கேட்கிறது நம் விதி. ஒரிஜினல்தான்! பிடிக்குமா என்று எந்த விதி கேட்டது? மறுநாள் அதே காரில்தான் அவர் மகளைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுகிறார்!

எல்லாவற்றையும் மாட்டலாம் என்கிறது ஒரு கட்சி. மாட்டினால் அது ஸ்டாக் பிரிவா? எதையும் தொடாதே என்கிறது இன்னொரு கட்சி. தொடாவிட்டால் அது பந்தயமா, தற்கொலையா? வேகம் கூட்டும் வெளிப் பாகம் வேண்டாம், வேண்டவே வேண்டாம்! ஓடுகிற காரை நிறுத்த, உட்கார்ந்தவர் உயிரோடு இறங்க, அதற்கு வேண்டும்! என்ன அங்கே முணுமுணுப்பு? 'பிரேக் நல்லா இருந்தா வளைவுல வேகமும் கூடுமே' என்கிறீர்களா? கூடும் ஐயா! கூடட்டும்! அந்தக் கொஞ்ச வேகத்துக்குப் பயந்து ஓர் அம்மாவைப் பலி கொடுக்கப் போகிறோமா?

பிரேக்குக்கு விதிவிலக்கு வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

புயலே, முதல் கை உங்களுடையதா? இறக்காதீர்கள். பின்வரிசையும் எழுகிறதே! தலைவரே, எண்ணத் தேவையிருக்காது.

அம்மா, இனிமேல் நீங்கள் தோற்கலாம். பிரேக்கை மிதித்தால் நேரம் போகத்தான் செய்யும். தோற்றுவிட்டு, முழுசாக வீட்டுக்குப் போங்கள்.

களைத்தவன் பேச்சைக் களைக்காமல் கேட்டீர்கள். உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.