முப்பத்தேழு டிகிரி

எனக்குப் பல் டாக்டர் என்றாலே பயம், ஐயா. அதனால்தான் வலித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை நானே குறடால் பிடுங்கினேன். பிடுங்கியதை வீணாக்க மனம் வரவில்லை.

நானும் எங்கள் துறைத் தலைவரும் பாறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். சுண்ணாம்புப் பாறையில் டாலமைட் என்றொரு கனிமம் உண்டு. அது எந்தச் சூட்டில் உருவானது என்பதே ஆராய்ச்சி. கல்லைப் பொடித்து அமிலத்தில் போட்டால் வாயு வரும். அதில் கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் எத்தனை ஜோடி சேர்ந்திருக்கின்றன என்று என் மெஷின் பார்க்கும். குளிரில் ஜோடி அதிகம், சூட்டில் குறைவு. கடலடிச் சேற்றில், இளஞ்சூட்டில் உருவானது என்றது மெஷின். பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது என்றார் தலைவர்.

"உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குப்பா."

பல்லிலும் கார்பனேட் இருக்கிறது. அது உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில் உருவாவது. என் பல்லைப் பொடித்துப் போட்டேன். மெஷின் முப்பத்தேழு என்றது.

"காக்காய்க்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு," என்று சிரித்தார். "வேற ஆளு பல்லக் கொண்டா."

கேட்டதும் மாமியார் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். அது கட்டிய பல். மனைவி அன்றிலிருந்து என் எதிரில் வாயைத் திறப்பதேயில்லை. கடைசியில் தலைவரிடமே போனேன்.

"உங்க பல்லு ஒண்ணு தாங்க சார்."

"நான் செத்தப்புறம் எடுத்துக்கோ, போ."

பெரிய மனசு. எழுதி வாங்கியிருக்கலாம், மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அவர் குனிந்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அலமாரியிலிருந்த டாலமைட் பாளத்தை எடுத்து அவர் தலையில் போட்டேன். நல்ல கெட்டியான கல். அது எந்தச் சூட்டில் உருவானது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு, கெட்டி என்பதில் இல்லை.

ஒரே ஒரு பல்தான் எடுத்தேன். அவர் சொன்னதற்கு மேல் கைவைக்கவில்லை.

மெஷின் நாற்பத்து நாலு என்றது.

அந்தச் சூட்டில் மனிதன் பிழைக்க மாட்டான் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கும் தெரியும். ஆனால் பல் உருவாவது சின்ன வயதில், அப்போது காய்ச்சல் அடித்திருக்கலாமே. அதனால்தான் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவருடைய அக்காவிடம் கேட்டேன்.

"சாருக்குச் சின்ன வயசுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?"

"அவனா? ஒரு தலைவலிகூட வந்ததில்லப்பா," என்று அழுதார்.

பாவம், துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் சரியாக இருப்பதில்லை.