சதுப்பில் ஊன்றிய குச்சிகள்

போன வாரம் ஒரு நாள் காலை பத்து இருபதுக்குத்தான் தன் வாய் தவறியது என்று, நானும் என் மகளும் போன மஸ்கெலியா பஸ்ஸில் எங்கள் முன் இருக்கையிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள். டவுன் கழிவுநீரைச் சுத்திகரிக்க நாணல் நடப்போகும் சதுப்பு, அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கிறது.

“சுற்றாடல் ஆய்வுக்கு வந்த ஐயா, அங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாரு. இல்லைங்கன்னுட்டேன். எம்மகனப் பொதச்ச எடத்துலயே அளந்து குச்சி ஊனிட்டாங்க.”

“அடிப்பாவி! சொல்லியிருக்கலாம்ல?”

“உசுரோட இருக்கிறவங்களத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன். மறுநாள் விடியக்காலம் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகக் கதவத் தொறந்தா, அம்புட்டுக் குச்சியும் எங்க வாசல்ல கெடக்கு.”

“நீ புடுங்கலியே?”

“சேத்துல ஒரு கால்தடம் இல்லடி.”

என் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“அப்புறம்?”

“ஐயா திரும்பி வந்தாரு. சேத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. ‘அம்மா, கீழ எத்தனை பேரு இருக்காங்க?’ன்னு மெதுவாக் கேட்டாரு.”