குறைக்கப்பட்ட ஓர் இரவு

"காலைல லுச்சிப் பூரி தருவாங்களா, இல்ல ரொட்டியும் ஜாமும் நீட்டிட்டுப் போயிடுவாங்களா?"

"லுச்சி, உருளைக்கிழங்கு தம். அச்சடிச்சே போட்டிருக்கான், பரிதோஷ்தா."

"மத்தியானம் மீன்?"

"ரூயி. சமையல்காரன் இங்கேருந்தே கூட வர்றான், கடுகெண்ணெய் டின்னோட."

"கட்லா இல்லையா? சரி விடு. பனிமலையில ரூயி கிடைக்கறதே போன ஜென்மத்துப் புண்ணியம்."

"இவருக்கு இமயமலையே மீன்கடைதான்," என்றார் சமையலறையிலிருந்து மஞ்சுளிகா பௌதி. "எனக்கு மீன் வேண்டாம், பனி வேணும். டாகுர்போ, நீங்க சொல்லுங்க. போகலாமா?"

"போகலாம், பௌதி," என்றேன். "இந்த விலைக்கு இனிமே கிடைக்காது."

அன்றைய பேச்சு அவ்வளவுதான். அந்தப் பயணத்தை யார் தேர்ந்தெடுத்தது, எப்படித் தேர்ந்தெடுத்தது என்று எழுதித் தரும்படி கேட்டீர்கள், வக்கீலம்மா. பௌதியின் மரணத்துக்காக அவர் மகன் சாத்யகி அந்தப் பயண நிறுவனத்தின்மீது போடும் வழக்கில் நான் அவன் பக்கத்துச் சாட்சி என்று நினைத்துக் கேட்டீர்கள். முழுவதும் எழுதிவிடுகிறேன். படித்தபின் நான் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெயர் நிருபம் காஞ்சிலால். வயது அறுபத்தொன்று. மணமாகாதவன். பெஹாலாவில் பரிதோஷ்தாவின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். உறவில்லை; அவரை 'தா' என்று அண்ணனாகவும், அவர் மனைவியை 'பௌதி' என்று அண்ணியாகவும் அழைப்பேன்.

துர்கா பூஜை முடிந்ததும் பயண நிறுவனங்கள் விற்காத இருக்கைகளைத் தள்ளுபடியில் கொடுக்கும். எங்கள் தெருவில் அந்த விளம்பரத் தாள்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் சரி என்றால் பதிவு செய்வார்கள், உதட்டைப் பிதுக்கினால் கிழித்துப் போடுவார்கள். நான் விலையைப் பார்ப்பதில்லை. எதைக் குறைத்து அந்த விலைக்கு வந்தான் என்று பார்ப்பேன். பகல்களை விட்டுவிட்டு இரவுகளை எண்ணுவேன். பூரி நகரத்தில் கடற்கரைக்கு அருகே என்று போட்டிருந்தால் கடலுக்குப் போக ரிக்ஷா பிடிக்க வேண்டும். மலை தெரியும் அறை என்றால், குளியலறை ஜன்னலில் எக்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பழக்கம். கேட்க வருகிறவர்களோ சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். மீன் உண்டா, என்ன மீன், எத்தனை துண்டு. இருபது வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் எவ்வளவு உயரம் என்று கேட்டதில்லை.

பரிதோஷ்தாவும் கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் மாலையில் அவர் வீட்டு வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் போடப்படும். எங்கள் ஊரின் இரண்டு கால்பந்து அணிகளில் ஒன்றுக்கு இலிஷ் மீனும் மற்றதற்கு இறாலும் அடையாளம்; அவர் இலிஷ் மீன் கட்சி, நான் இறால் கட்சி. கால்பந்தில் அவர் அணி தோற்ற நாளில் நான் இறால் வாங்கி அனுப்புவேன். என் அணி தோற்றால் என் வாசலில் இலிஷ் மீனின் தலை மட்டும் ஒரு தட்டில் இருக்கும். முப்பத்திரண்டு வருடம். எனக்குக் குடும்பம் என்று கேட்டால் அந்த நாற்காலியைத்தான் காட்டுவேன்.

பௌதியும் என்னிடம் அன்பாகவே இருந்தார். கணவரின் தம்பியை அழைப்பதுபோல டாகுர்போ என்பார். என் பிறந்தநாளை நான் மறந்தாலும் பாயசக் கிண்ணத்தோடு மாடியேறி வருவார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். அந்த மூச்சு எனக்கு அறைக்குள்ளிருந்தே கேட்கும். சீழ்க்கைபோல மெல்லிய சத்தம். முந்தானையில் முடிந்துவைத்திருக்கும் மூச்சிரைப்பு மருந்துக் குப்பியை எடுத்து உறிஞ்சுவார். பிறகுதான் கதவைத் தட்டுவார், சிரித்த முகத்தோடு. நான் எதையும் கேட்காதவன்போலக் கதவைத் திறப்பேன்.

சாத்யகி புனேவில் வீடு வாங்கினான். பெற்றோரைக் கூட வரச் சொன்னான். பரிதோஷ்தாவுக்கு மனமில்லை. பௌதிக்குப் பேரனைப் பார்க்க வேண்டும். பௌஷ மாதத்தில் நாங்கள் வீடு மாறமாட்டோம், அது ஆகாது. அதனால் அடுத்த மாதமான மாகம் பிறந்ததும் கிளம்புவதென்று முடிவாயிற்று. ஒரு நாள் மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் சொன்னார்: "நான் என்னத்தைச் செய்ய, நிருபம்? அவ இல்லேன்னா நான் இந்த வராந்தாவை விட்டு நகருவேனா?"

சாதாரணமாகச் சொன்ன வாக்கியம். நான் அதை இரவெல்லாம் வைத்திருந்தேன்.

புனே போகுமுன் ஒருமுறை பனியைப் பார்த்துவிட வேண்டும் என்பது பௌதியின் ஆசை. வட சிக்கிமுக்கு இரண்டு தாள்கள் என்னிடம் இருந்தன. ஒன்று முழு விலை. அதில் உயரத்து ஏரிக்குப் போகுமுன் லாச்சேனில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும், உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகுவதற்காக. அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றும் தர வேண்டும். மற்றது ஏறக்குறைய பாதி விலை. அதே மீன், அதே லுச்சி. லாச்சேனில் ஒரே இரவு. விடியுமுன் எழுப்பி, பதினேழாயிரம் அடிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். சான்று வேண்டாம், படிவம் நிரப்பினால் போதும். அந்த ஓர் இரவைக் குறைத்துத்தான் அவன் அந்த விலைக்கு வந்திருந்தான். தாளை எடுத்த உடனே எனக்கு அது தெரிந்தது.

முழு விலைத் தாளை நான் கீழே கொண்டுபோகவில்லை.

கொண்டுபோன தாளைச் சாப்பாட்டுப் பட்டியல் மேலே தெரியும்படி மடித்திருந்தேன். பரிதோஷ்தாவுக்குக் கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து தெரியாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவத்தை என்னையே நிரப்பச் சொன்னார்கள். சுவாசக் கோளாறு உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. தள்ளுபடி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை என்று எழுதினேன். பௌதி படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். "டாகுர்போ எழுதினா அதுக்கு மேல என்ன," என்றார். பிறகு எனக்குத் தேநீர் போடப் போனார்.

நிறுவனத்தின் வக்கீல் அந்தப் படிவத்தைக் காட்டும்போது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கக்கூடாது. எழுத்து என்னுடையது.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. படுக்கையில் விழுவார், இனிப் பயணமே கூடாது என்று மருத்துவர் சொல்வார், புனே தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் மூன்று மாதமாக எனக்குச் சொல்லி வருகிறேன். இன்று எழுத உட்கார்ந்தபோது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அவர்கள் கிளம்பிய காலை, வண்டி தெருமுனை திரும்பும்வரை பௌதி கையசைத்துக்கொண்டிருந்தார். நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்போது என் மனத்தில் வராந்தா தெரிந்தது. அதில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. தேநீர் கொண்டுவர ஆள் இல்லை. அந்தக் காட்சி எனக்குப் பயமாக இருக்கவில்லை.

ஏரிக்கு ஒரு மணி நேரம் முன்னால், தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தியபோது அவர் உதடுகள் நீலமாகியிருந்தனவாம். உடனே வண்டியைத் திருப்பினார்கள். அவர் உயிரோடு லாச்சேன் வந்து சேரவில்லை. ஏரியை அவர் பார்க்கவே இல்லை.

பரிதோஷ்தா புனே போகவில்லை. மகன் கெஞ்சினான், அழுதான். அவள் சாமான் எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆக, நான் கேட்டது கிடைத்தது. தினமும் மாலை நாற்காலிகளைப் போடுகிறேன். அவர் வந்து உட்கார்கிறார். போன ஞாயிறு அவர் அணி தோற்றது. இறால் வாங்கினேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை, படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டேன், பௌதி நிற்கும் அதே இடத்தில். கீழே விளக்கு போட்டிருக்கவில்லை.

நேற்று அவர் மடியில் பௌதியின் குரங்குக் குல்லாய் இருந்தது. பயணத்துக்காகப் பௌதி தன் கையால் பின்னியது. எனக்கும் அதே நிறத்தில் ஒன்று பின்னிக் கொடுத்திருந்தார். பரிதோஷ்தா வெகுநேரம் மடியிலிருந்ததைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக அவராகவே பேசினார்.

"அவ பாக்காம விட்ட ஏரியை நான் பாத்துட்டு வரணும், நிருபம். இந்தக் குல்லாயை அங்க ஒரு தடவை காட்டிட்டு வரணும். நல்ல பயணமா ஒண்ணு பாத்துச் சொல்லேன். மீன் கீன் எதுவும் வேண்டாம். எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீயும் கூட வாயேன்டா."