சாவகாசத்தின் விலை

செய்யது அலி: ‘சாவகாசம்’ங்குத பட்டப்பேருக்கு மூணு லட்சம். அதுக்கு மேல எனக்க மெத்தைக் கம்பெனி தாங்காது மக்ளே.

ஜஸீனா: அப்போ வேற பேரு பாருங்க மாமா. ஊருல பேருக்கா பஞ்சம்.

செய்யது அலி: வேற பேரு வச்சா எவன் வாங்குவான்... தென்னநார் மெத்தைய எல்லாவனும்தான் விக்கான். ஒனக்க மாப்பிள படத்தப் போட்டு, கீழ ‘சாவகாசம்’னு எழுதினா, பாத்தவனுக்குக் கொட்டாவி வரும்.

ஜஸீனா: அவரு கோல்ஃப் ஆடுததப் பாத்தா கொட்டாவி வருதுன்னு சொல்லுதியளா?

செய்யது அலி: சே, கொறச்சுச் சொல்லல. நேத்தும் டிவியில பாத்தேன். மத்தவனுவ பந்தடிக்குதது பாற ஒடைக்குத மாதிரி. பல்லக் கடிக்கான், கழுத்து நரம்பு தெறிக்குது. நம்ம ஃபாயிஸ்... ஜவுளிக்கடையில பழகின கையி கத்திரிய லேசாத் தள்ளினா துணி தானா ரெண்டாவும் பாரு, அப்பிடி. அடிச்சது தானில்லங்குத மாதிரி நிக்கான்.

ஜஸீனா: இருநூத்தி எம்பது கெஜம் போச்சு அது.

செய்யது அலி: அதான் சொல்லுதேன். வேர்வையே இல்லாத வேலைக்குப் போயி ஆறு லட்சம் கேட்டா...

ஜஸீனா: வேர்வை இல்லியா... கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க.

செய்யது அலி: என்னது, டப்பு டப்புன்னு... தேங்கா விழுதா?

ஜஸீனா: பொறவாசல்ல ரெண்டு தென்னைக்கு நடுவ பழைய மீன்வலையக் கட்டி அடிக்காரு. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து நின்னவரு. முன்னூறு பந்து ஆவணும். துபாயில கோல்ஃப் மைதானத்துல பந்து பொறுக்கப் போன நாள்லேருந்து இதான்.

செய்யது அலி: மாஷா அல்லாஹ்... செரி, நாலு.

ஜஸீனா: ஆறு.

செய்யது அலி: ஆமா, இந்தப் பேரு வச்சது யாரு?

ஜஸீனா: ஷிபு. அவருக்க மட்டைப் பையத் தூக்கிட்டு கூட நடக்கவன். பெங்களூரு போட்டியில ஒவ்வொரு அடிக்கும் முன்ன ‘சாவகாசம் அண்ணா, சாவகாசம்’னு சொல்லியிருக்கான். டிவியில வர்ணனை பேசுதவரு காதுல விழுந்துட்டு. மூணு நாளு அவரு அதையே நாக்குல உருட்டினாரு. நாலாம் நாளு ஸ்கோர் பலகையிலயும் அதையே எழுதிட்டானுவ.

செய்யது அலி: பொருத்தமான பேரு. செரி, அஞ்சு. ஒரே ஒரு படம். மெத்தையில மல்லாந்து, கண்ண மூடிக் கெடந்தாப் போதும்.

ஜஸீனா: ...உக்காந்த மாதிரி எடுங்க.

செய்யது அலி: உக்காரதுக்கு நாற்காலி விக்குதவன்லா வரணும்.

ஜஸீனா: அப்போ நின்னு... மட்டைய வீசுத படம்...

செய்யது அலி: மக்ளே, நீ கேட்ட ஆறே தாறேன். படுத்தா என்ன கொறஞ்சு போவும்?

ஜஸீனா: சாயா ஆறுது, குடிங்க மாமா.

செய்யது அலி: ஒனக்க வாப்பாகூட கொளச்சல் சந்தையில முப்பது வருஷம் நின்னவன் நான். சொல்லு.

ஜஸீனா: வெளிய போவக்கூடாது. போனா அடுத்த வருஷம் அவருக்க சட்டையில கம்பெனிப் பேரு போட ஒருத்தனும் வரமாட்டான். போட்டிக்குப் போவ டிக்கெட்டுக்கே வழியிருக்காது.

செய்யது அலி: போவாது.

ஜஸீனா: முதுகெலும்புல ரெண்டு தட்டு வெலகியிருக்கு மாமா. ரெண்டு வருஷமா சிமெண்டுத் தரையிலதான் ஒறக்கம். மெத்தையில மல்லாந்தா எழுப்பிவிட ரெண்டாளு வேணும். வெடுக்குன்னு திரும்பினா காலு மரத்துப்போவும். ஷிபு சொன்னது பாராட்டில்ல... பயந்துபோயிச் சொன்னது.

செய்யது அலி: அப்போ அந்த வீச்சு...

ஜஸீனா: எங்க திரும்பினா வலிக்காதுன்னு தேடித்தேடி, எட்டு மாசமா அந்த வலைக்கு முன்னால நின்னு கண்டுபிடிச்சது. அவருக்க மொகத்துல ஏதாவது தெரியுதா?

செய்யது அலி: ஒரு துளி தெரியல. மொகத்தப் பாத்து வெல சொல்லுதவன் நான். என்னையே ஏமாத்திப்போட்டான், கெட்டிக்காரன்... செரி மக்ளே. நின்ன படமே போதும். ஆறு லட்சம்.

ஜஸீனா: நீங்க இவ்வளவு லேசா ஒத்துக்கிடுத ஆளில்லியே. தரையில ஒறங்குதவர வச்சு மெத்தை விக்கப்போறியளா? எழும்பிப் போயிருக்கணுமே.

செய்யது அலி: எங்க போவ... நீ சம்மதிச்சிருவேன்னு நெனச்சு, எழுநூறு மெத்தையில அந்தப் பேரத் தச்சு குடோன்ல அடுக்கியாச்சு. நீ மறைச்சது ஒரு முதுகு, நான் மறைச்சது எழுநூறு மெத்தை. கூட்டிக் கழிச்சா ஒனக்குப் பாக்கி தரவேண்டியவன் நான்தான் மக்ளே.