இரண்டாம் பக்கத்தில் அடித்த பத்தி

கருத்தரங்குக்கு வந்த வக்கீல்களுக்கு ஆளுக்கொரு தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலம் கொடுக்கலாம் என்றது நான்தான். எல்லோருக்கும் பிடித்திருந்தது. குற்றவியல் நடுவர் ஐயா, போலீசாரிடம் சொல்வது செல்லாது என்பது சட்ட மாணவனான எனக்குத் தெரியும். அதனால் உங்கள் முன் என் கைப்பட எழுதித் தருகிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

எங்கள் சட்டக் கல்லூரி மாணவர் இதழுக்கு நான் ஆசிரியர். சாரங்கபாணி என்ற பெயர் முதல் பக்கத்திலேயே அச்சாகும். 1987 இதழையொட்டி, கடல் சட்டம் பற்றித் தூத்துக்குடியில் இரண்டு நாள் கருத்தரங்கு வைத்தோம். கட்டுரை வாசிப்பது ஒரு சாக்கு. பெரிய வக்கீல்களின் கண்ணில் படுவதுதான் காரியம். சென்னையிலிருந்து அனந்தபத்மநாபன் சார் வந்தார். அவரிடம் ஜூனியராகச் சேர வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அவர் ரோச்சைத் தேர்ந்தெடுத்தார்.

ரோச் என் வகுப்புத் தோழன், பெரியதாழை மீனவ வீட்டுப் பிள்ளை. முத்துப் படுகைகளில் கரையோர மக்களுக்குள்ள உரிமை பற்றி எழுதியிருந்தான். கரடுமுரடான கட்டுரை. வரி வரியாக மூன்று முறை படித்து அதை உருப்படியாக்கியவன் நான். சார் ரயிலில் அதைப் படித்துவிட்டு, வந்ததும் வராததுமாக "யாருப்பா இந்த ரோச்?" என்று கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல், எல்லோரும் கலந்து பழகட்டும் என்று முயல் தீவுக்குப் படகில் போனோம். ஏற்பாடு என்னுடையது. திரும்பும்போது வக்கீல்கள் முன் படகில், மாணவர்கள் பின் படகில். ரோச் என் பக்கத்தில், இரு கையாலும் பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, சார் வரச் சொல்லிட்டாரு. எங்கம்மாட்ட மொதல்ல ஒம் பேரத்தாம்ல சொல்லுவேன்," என்றான்.

மீதமிருந்த மக்ரூன் பொட்டலத்தை நீட்டினேன். வாங்குவதற்காகக் கையை எடுத்தான். தோள் பட்டது. தோளால் இடித்தேன் என்பதே துல்லியம்.

கடலில் விழுந்தவனைப் பார்த்து மற்றவர்கள் கைதட்டினார்கள். படகோட்டி வெள்ளத்துரை இயந்திரத்தை நிறுத்தப் போனார்.

"பெரியதாழைக்காரன், அண்ணாச்சி. சும்மா வெளையாடுதான். நீந்தி வந்திருவான், நீங்க போங்க," என்றேன்.

"கடக்கரைப் பிள்ள முங்கிருவானாக்கும்!" என்று அவரும் சிரித்தார்.

கை இரண்டு முறை மேலே வந்தது. படகைத் திருப்பிக்கொண்டு போனபோது பொட்டலம் மட்டும் மிதந்தது.

அவனுக்கு நீந்தத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்ததாக விசாரணையில் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை.

அவனுக்காக நான் எவ்வளவு உழைத்தேன் என்பதற்குச் சான்றாக, அவன் கையெழுத்துப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். சங்கு குளிக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை, அன்றிலிருந்து அம்மா தன்னைக் கடலில் கால் நனைக்கக்கூட விட்டதில்லை, தனக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருந்தான். ஓரத்தில் 'தேவையில்லை' என்று இருப்பது என் கையெழுத்து. சட்ட இதழுக்குச் சொந்தக் கதை எதற்கு? அந்தத் திருத்தம் சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.